புகையைப் பிடிக்கப் போன உமிச்சாம்பல்

புகையைச் சுத்தம் செய்யும் தொழிலில் இருப்பவரின் உடுப்பு ஒருநாளும் சுத்தமாக இராது. ஆய்வுகூடங்களில் குப்பை கொட்டும் சகபாடிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளர். நெல்லுமிச் சாம்பலைச் சூளையில் எரித்து வெள்ளைத் தூளாக்குவோம். நிலக்கரி மின்நிலையப் புகையிலுள்ள காபனீரொட்சைட்டு வாயுவை அந்தத் தூள் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். மின்நிலையத்தில் ஒரேயொரு முறை பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார்கள். பிடிக்காவிட்டால் ஆய்வும் நின்றுவிடும், என் வேலையும் போய்விடும்.

மடியில் ஒரு சாக்கு

சாம்பலுக்காக வாவிக்கு அக்கரையிலுள்ள மண்டூருக்குப் போவேன். அங்கே பரமேஸ்வரி அக்காவின் அரிசி மில்லில் நெல் அவிக்க உமியைத்தான் எரிக்கிறார்கள். முதற்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு படகில் வாவியைக் கடந்தேன். பக்கத்தில் மீன்பெட்டியோடு இருந்தவர் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்:

"சாம்பலா பிள்ள? எங்க கரைக்கப் போறாய்? ஆள் ஆரு?"

அக்காவின் அன்பு

இரண்டாம் சாக்குத்தான் என் உயிரை வாங்கியது. சூளையைத் திறந்தால் தூளைக் காணவில்லை, எல்லாம் உருகிக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தது. மூன்று முறை எரித்தும் அதே கதை. பரீட்சைக்கு நாலே நாள். ஆய்வுக்குப் பொறுப்பான சேர் என்னைப் பார்த்த பார்வைக்குச் சூளையே தேவையில்லை. சூட்டைக் கூட்டிவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கடைசியில் சாக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். (ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியதே நான்தான்.) உப்புக் கரித்தது! சாம்பலில் உப்புச் சேர்ந்தால் சூளையில் உருகத்தானே செய்யும். மண்டூருக்கு ஓடினேன். அக்கா பூரிப்போடு சொன்னார்:

"வெறுஞ்சாம்பலால ஆருகா பல்லுத் தீட்டுற? உனக்கெண்டுதான் இந்தமுறை அரிச்சு, உப்பும் இடிச்சுப் போட்டனான்!"

மின்நிலையத்தில்

அக்காவிடம் புதிதாய் அள்ளிவந்த உப்பில்லாத சாம்பல் திருநீறு மாதிரி வெளுத்து வந்தது. அதைக் குழாயில் அடைத்து, மின்நிலையத்தில் புகையைத் திறந்துவிட்டார்கள். குழாய்க்கு மறுபக்கம் காபனீரொட்சைட்டை அளக்கும் மீற்றரின் முள் விழுந்தது, விழுந்துகொண்டே போனது. அங்கிருந்த பொறியியலாளர் நம்பாமல் மீற்றரைத் தட்டிப் பார்த்தார். வேறொன்றை மாட்டினார். அதுவும் விழுந்தது. எங்கள் வயல்வட்டை நெல்லின் உமி, அவ்வளவு பெரிய புகைபோக்கியின் புகையைப் பிடித்து வைத்திருந்தது! பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் என் பக்கம் திரும்பினார்:

"இந்தக் குழாயளவு காணாது மிஸ், அடுத்த முறை லொறியில கொண்டுவாங்க."

அன்றைக்கு நிமிர்ந்த நெஞ்சு இன்னும் இறங்கவில்லை, லொறிக்குச் சாக்கு ஏற்றிய முதுகுதான் இன்னும் நிமிரவில்லை.