ஈஸ்ட் மாப்பிள்ளையும் ஒரு பவர்கட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு பெண் பார்க்கும் வைபவம். பெண்ணின் அப்பா அல்போன்ஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், என் நண்பர். "மாப்ள சயின்டிஸ்டாம். பேச்சுக்கு ஆள் வோணும், வந்துடு மாமு" என்று இழுத்துக்கொண்டு போனார். சயின்ஸுக்கும் எனக்குமான உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை... மீன் வறுவல் வாசனை வந்துகொண்டிருந்ததே!

அல்போன்ஸுக்கு ஒரே கவலை. மகள் ஸ்டெல்லா கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். லாரி டிரைவர்களையே அடக்குகிறவள், வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டாள். "இதுவும் பூட்ச்சுன்னா நான் வரன் பாக்கறதையே வுட்டுடுவேன்" என்றார் வழியிலேயே.

மாப்பிள்ளை கோட் சூட்டில் வந்தார். ஈஸ்ட் ஆராய்ச்சியாம். அல்போன்ஸ் முகம் மலர்ந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுகிறவர் ஆயிற்றே!

"நம்ம ஒயின்ல போடுற ஈஸ்ட்டா? அத்த வெச்சு இன்னா பண்றீங்க தம்பி?"

"அதுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒரு பவர் ஹவுஸ் இருக்கு அங்கிள். அதுக்குன்னு தனியா கொஞ்சம் டி.என்.ஏ. அதை எடுத்துடுவோம்."

"ஐயையோ... இன்னாத்துக்கு?"

"எது தாங்குதுன்னு பார்க்கத்தான். ரொட்டி, ஒயின் ஈஸ்ட் தாங்கிடும். சின்னதா, மெதுவா வளரும். சர்க்கரையைப் புளிக்க வெச்சே பிழைச்சுக்கும். பால்ல வளர்ற ஒரு வகை இருக்கு — அதுக்கு டி.என்.ஏ. போச்சுன்னா கதை முடிஞ்சுது."

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

ஃபேன் நின்றது. கடல் காற்றும் அன்று லீவு. மாப்பிள்ளைக்கு வியர்வை ஆறாக ஓடியது. டை கோணியது, பேச்சு நின்றது, ஆள் சோபாவில் சாய்ந்தேவிட்டார்.

"மாமு, இது பால் ஈஸ்ட்டு போல கீதே!" என்று என் காதில் கிசுகிசுத்தார் அல்போன்ஸ். பாவம், அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்டெல்லா உள்ளே போய் ஒரு பெரிய டம்ளரில் எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்தாள். சர்க்கரை தாராளம். மாப்பிள்ளை ஒரே மூச்சில் குடித்தார். நிமிர்ந்தார். கோட்டைக் கழற்றினார், சட்டைக் கையை மடித்தார், வறுவல் தட்டை இழுத்துக்கொண்டார். "எங்க விட்டேன் அங்கிள்?"

கரண்ட் இன்னும் வரவில்லை!

ஸ்டெல்லா வாய்விட்டுச் சிரித்தாள். "சர்க்கர குடுத்தா பொழச்சிக்கிறாருப்பா. ரொட்டி ஈஸ்ட்டுதான். எனக்கு ஓகே."

யோசித்துப் பாருங்கள்... நம் எல்லோருக்கும் ஒருநாள் ஏதோ ஒரு பவர் ஹவுஸ் போகத்தான் போகிறது. ஏ.சி.யோ, வேலையோ. கிடைத்ததை வைத்துச் சமாளிப்போமா, சாய்ந்துவிடுவோமா? நான் வைஃபை போனாலே பால் ஈஸ்ட்.

நேற்று மண்டபம் பார்க்கப் போனோம். எல்லோரும் சமையலறை, பார்க்கிங் என்று விசாரித்தார்கள். மாப்பிள்ளை கேட்டது ஒரே கேள்வி — "ஜெனரேட்டர் இருக்கா?"