கிணற்றுக்குள் இறங்கி வந்த சொம்பு

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போன நான், சிங்கவரம் போகிற பக்கம் ஒரு வயல் கிணற்றுக்குள் இரும்புக் குழாயைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். இதை இப்படி நிதானமாகச் சொல்லவே எனக்குப் பல வாரம் பிடித்தது.

நானும் என் அறைத்தோழியும் சென்னையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மாதம் ஒரு தடவையாவது எங்காவது கிளம்பாவிட்டால் எனக்குக் கால் நிற்காது. லாட்ஜில் தங்கிப் பரோட்டா சாப்பிட்டுத் திரும்புவது அலுத்துப்போய், கிராமத்து வீடுகளில் தங்கி, அந்த வீட்டுச் சமையலையும் ஊர்ப் பழக்கங்களையும் வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்திருந்தேன். அப்படித் தேடியபோதுதான் இந்த வீடு கிடைத்தது. தமிழ்ச் சமணக் குடும்பம், ஊரில் 'நயினார் வீடு' என்பார்கள். வீட்டுக்கார அண்ணன் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர். அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிட்டவர், பி.காம். படித்தவர், முன்பு கடைத்தெருவில் ஒரு எண்ணெய் மில்லில் கணக்குப் பார்த்தவர். மாடியில் இரண்டு அறைகளை வருகிறவர்களுக்கு விட்டிருந்தார்கள்.

போனில் பேசியபோதே அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க. அதுக்கப்பறம் இந்த ஊட்ல யாரும் சாப்பிட மாட்டோம், அடுப்பும் பத்த வைக்க மாட்டேன்." சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோ பிடித்து, சூரியனோடு பந்தயம் ஓடாத குறையாகப் போய்ச் சேர்ந்தோம். சூடான சோறு, பச்சைப்பயறு கடைசல், புடலங்காய்ப் பொரியல், வேர்க்கடலைத் துவையல். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. மண்ணுக்குள் விளைகிற கிழங்குகளைத் தொடமாட்டார்கள். "அப்போ வேர்க்கடலையும் மண்ணுக்குள்ளதானேக்கா?" என்று என் தோழி மடக்கப் பார்த்தாள். "அது பேருலதாம்மா வேரு. அது விதை. செடி செத்தப்பறம் எடுக்கறது," என்றார் அக்கா, இன்னொரு கரண்டி துவையலை அவள் தட்டில் வைத்தபடி. வறுத்த கடலை, காய்ந்த மிளகாய், புளி, கல் உப்பு, கிள்ளு வெல்லம், பெருங்காயம். அம்மியில் கரகரப்பாக அரைத்தது. பூண்டு இல்லாதது அன்று எங்களுக்கு நினைவுக்கே வரவில்லை.

மறுநாள் காலையில் அக்கா தண்ணீர் வடிகட்டுவதைப் பார்த்தேன். வீட்டில் போர் தண்ணீர் இருக்கிறது, தெருவில் குழாயும் இருக்கிறது. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் இரண்டு வயல் தாண்டி இருக்கும் அவர்கள் கிணற்றுத் தண்ணீர்தான். கெட்டியான வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, மெதுவாக ஊற்றினார். முடிந்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, வடிகட்டிய தண்ணீராலேயே அதை அலசி ஒரு பித்தளைச் சொம்பில் பிடித்துக்கொண்டார். நான் கேமராவைக் கிட்டே கொண்டுபோனேன்.

"இது எதுக்குக்கா?"

"துணியில நின்ன உசுருங்க இதுல இருக்கும். எந்தக் கிணத்துத் தண்ணியோ அந்தக் கிணத்துலயே கொண்டுபோய் வுட்டுடணும்."

சொம்புக்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர். "ஒண்ணுமே தெரியலையேக்கா. அந்த ரோஜாச் செடிக்கு ஊத்திடலாமே?"

"உன் கண்ணுக்குத் தெரியணும்னு அதுக்கு இன்னா தலையெழுத்து?" என்றார். "உன்னைப் புடிச்சி ராஜகிரிக் கோட்டை உச்சியில வுட்டுட்டு வந்தா நீ இருப்பியா?"

தோழி அடக்க முடியாமல் சிரித்தாள். அக்காவும் சிரித்துவிட்டு, தன் சொந்தக்காரர்கள் வீட்டிலேயே இப்போதெல்லாம் கேன் தண்ணீர்தான் என்றும், தன்னைக் 'கிணத்துக்காரி' என்று கேலி செய்கிறார்கள் என்றும் சொன்னார்.

அந்தச் சொம்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதன் அடியில் ஒரு வளையம், விளிம்பில் ஒரு சின்னக் கொக்கி. கயிறு இரண்டிலும் மாட்டியிருக்கும். மேலே நின்று சொம்பைக் கவிழ்த்தால் விழுகிற வேகத்தில் அந்த உயிர்களுக்கு அடிபடுமாம். அதனால் கிணற்றுக்குள் கயிற்றில் மெல்ல இறக்குகிறார்கள். தண்ணீரைத் தொட்டுக் கயிறு தளர்ந்ததும் விளிம்புக் கொக்கி கழன்றுவிடும். பிறகு கயிற்றை இழுத்தால் சொம்பு தலைகீழாகி, தண்ணீர் தண்ணீரோடு சேர்ந்துவிடும். இதைக் கேட்டதும் எனக்குள் வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது.

"இப்பவே போலாமாக்கா?"

"கேஸ் சிலிண்டர்காரன் வரணும். அவன் வந்தப்பறம்தான்."

அண்ணன் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். தோழியை அவருடைய வேனிலேயே கோட்டை வாசலில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. எனக்கு ஆபீஸ் போன் ஒன்று வர வேண்டியிருந்ததால், பேசிவிட்டுப் பின்னால் பஸ்ஸில் வருவதாகச் சொன்னேன். "நீ வந்தா வா, வராட்டி நான் தேடமாட்டேன், உன் பிளான் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அது எங்களுக்குள் வழக்கமான பேச்சு.

போன் பேசி முடித்தும் சிலிண்டர் வரவில்லை. சும்மா உட்கார என்னால் முடியாது. "சொம்பைக் குடுங்கக்கா, போற வழியில நானே கிணத்துல விட்டுடறேன். உங்களுக்கும் ஒரு நடை மிச்சம்," என்று கையை நீட்டினேன். அக்கா சொம்பைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "உன் அவசரத்துக்கு இது ஆவாது. நீ கோட்டைக்குப் போ. பஸ் போயிடப் போவுது."

நான் கோட்டைக்குத்தான் கிளம்பினேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். வரப்பில் நடந்தபோது அந்தக் கிணறு கண்ணில் பட்டது. நாளைக்குக் காலையில் அக்கா சொம்பு இறக்கும்போது கீழேயிருந்து எடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை. கோணம் மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

பெரிய கருங்கல் கிணறு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைக் கல் படிகளில் இறங்கினேன். கோடையில் தண்ணீர் கீழே போயிருந்ததால் கடைசிப் படிக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்துக்கு வெறும் சுவர்தான் இருந்தது. கடைசிப் படியில் குந்தி உட்கார்ந்து போனை நீட்டினேன். புறா ஒன்று சுவர்ப் பொந்திலிருந்து முகத்துக்கு நேரே படபடத்துப் பறந்தது. போன் கையிலிருந்து போனது. அதைப் பிடிக்கப் பாய்ந்தேன். அதோடு நானும் போய்விட்டேன்.

விழும்போது கணுக்கால் எதிலோ மோதியது. தண்ணீருக்குள் போனதும் திசை தெரியவில்லை. எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் அது அடுக்குமாடிக் குடியிருப்பின் நீலத் தொட்டியில் கற்ற நீச்சல். இங்கே அடியில் கால் வைக்கத் தரையில்லை, பிடிக்க விளிம்பில்லை. சுவரெல்லாம் பாசி. எப்படியோ மோட்டார் குழாய் கையில் சிக்கியது. குழாயை இணைத்திருந்த இரும்பு வளையத்தில் ஒரு காலை வைத்து, கழுத்தளவு தண்ணீரில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

உடனே கத்தினேன். அன்றைக்கு ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் திருவிழா. தென்னை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தது. என் கத்தல் கிணற்றுச் சுவரிலேயே முட்டி என் காதுக்கே திரும்பி வந்தது. பாட்டு மாறும்போது வருகிற சின்ன இடைவெளிக்காகக் காத்திருந்து கத்தினேன். யாரும் வரவில்லை. எல்லோரும் கூழ் வாங்கப் போயிருந்தார்கள்.

அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. தோழி என்னைத் தேடமாட்டாள், மலைமேல் அவளுக்கு சிக்னலும் கிடைக்காது. அக்காவுக்கு நான் கோட்டையில். அண்ணனுக்கு நான் கோட்டையில். அம்மாவுக்கு நான் சென்னையில். உலகத்தில் ஒருவருக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. வயலுக்கு விடுகிற கரண்ட் வந்து மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தால் இந்தக் குழாய் என்னவாகும் என்ற பயம் வேறு. கை மரத்தது. குரல் முதலில் கரகரத்தது, பிறகு காற்றாகிவிட்டது. எதிர்ச் சுவரில் மேலே இருந்த வெயில் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது என் தலையைத் தொடும்வரை தாங்குவேனா என்று மட்டும் யோசித்தேன்.

வெயிலுக்கு முன்னால் சொம்பு வந்தது.

முதலில் கண்ணை நம்பவில்லை. பளபளவென்று ஒரு பித்தளைச் சொம்பு, ஆடாமல் அசையாமல், யாரோ தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல அவ்வளவு மெதுவாக, என் முகத்துக்கு நேரே இறங்கி வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரைத் தொட்டது. கொக்கி கழன்றது. கயிறு மேலே இழுபட, சொம்பு கவிழ்ந்து தண்ணீர் தண்ணீரோடு கலந்தது. அதுவரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. சொம்பு மேலே போக ஆரம்பித்தபோதுதான் ஒரு கையை விட்டுக் கயிற்றைப் பிடித்தேன்.

மேலே, கப்பி மாட்டிய கல் தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா, "இது எதுல மாட்டிக்கிச்சி, சனியன்," என்று ஓர் இழு இழுத்தார். நான் திரும்ப இழுத்தேன். ஒரு கணம் எந்த அசைவும் இல்லை. பிறகு அவர் தலை கிணற்று விளிம்பில் தெரிந்தது.

"யாரு? ஐயோ, நீ கோட்டைக்குப் போவல?"

நான் தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் அலறவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கி வந்தார். தண்ணீர் சேந்துகிற வடக்கயிற்றின் நுனியை எனக்கு வீசி, "அக்குளுக்கு அடியில கட்டு. ரெண்டு முடிச்சி. இன்னும் ஒண்ணு போடு," என்றார். மறுநுனியை மேலே கல் தூணில் ஏற்கெனவே கட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தார். அந்தப் படியில் உட்கார்ந்தபடியே இடுப்பில் இருந்த போனை எடுத்துக் கோயிலில் இருந்த யாருக்கோ பேசினார். "பாட்ட நிறுத்து. மொதல்ல பாட்ட நிறுத்து. அப்பறம் பேசறேன்."

பாட்டு நின்றது. காலையிலிருந்து என் குரலை விழுங்கிக்கொண்டிருந்த அதே ஒலிபெருக்கி இப்போது சொன்னது: "நயினார் ஊட்டு கிணத்துல ஒரு பொண்ணு வுழுந்துடுச்சி. கயிறு எடுத்துக்கினு ஓடியாங்க."

ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் கூழ்க் கரண்டியோடே வந்திருந்தார். கயிற்றுக் கட்டிலின் நான்கு காலிலும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். ஒருவர் குதித்து என்னை அதில் தூக்கிப் போட்டார். மேலே வந்ததும் வெயிலில் கிடந்து வாந்தி எடுத்தேன். கரண்டிக்காரர், "மெட்ராஸ்ல தண்ணி இல்லனு இங்க வந்து குடிச்சிட்டு போவுது," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

செஞ்சியில் டாக்டர் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, எலும்பு தப்பியது என்றார். மத்தியானம் வெயிலில் கருகி வந்த தோழி, போனை எடுக்காததற்கு வாசலிலேயே திட்ட ஆரம்பித்து, கட்டைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

சாயங்காலம், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு. முந்தின நாள் போலவே சோறு, பயறு, துவையல். அக்கா பரிமாறிக்கொண்டே, நாளெல்லாம் மனதில் வைத்திருந்ததுபோல ஒன்று கேட்டார்.

"ஏம்மா, நீ கயிறப் புடிச்சி இழுத்தியே, அதுக்கு முன்னால சொம்பு நல்லா கவுந்துதா?"

"கவுந்துதுக்கா."

"எல்லாம் தண்ணிலதான வுழுந்துது? உன் மேல இல்லியே?"

"தண்ணிலதான்கா."

"அப்ப சரி," என்று அடுத்த கரண்டி சோற்றை வைத்தார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான அதிர்ச்சி வந்தது. காலையில் நான் கையை நீட்டிக் கேட்டது இந்தச் சொம்பை. ஒரு நடை மிச்சம் என்று நான் சொன்னது, அவர் கிணற்றுக்கு வந்த அந்த நடையை. என் பேச்சைக் கேட்டு அவர் சொம்பைக் கொடுத்திருந்தால், அல்லது ரோஜாச் செடிக்கு ஊற்றியிருந்தால், மேலே நின்று அவசரமாகக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தால்கூட, அன்று அந்தக் கிணற்றுக்குள் யாரும் கயிறு இறக்கியிருக்கமாட்டார்கள். வாயில் வைத்த சோற்றை விழுங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அக்கா கவனித்துவிட்டு, "காரமா?" என்று தண்ணீர்ச் செம்பை நகர்த்தினார். வடிகட்டிய தண்ணீர்.

அந்த வீடியோவை நான் எடுக்கவேயில்லை. போனும் கிணற்றோடு போனது. இப்போதும் சென்னையில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடிக்கும்போது ஒரு நொடி உள்ளே எட்டிப் பார்க்கிறேன். எதுவும் தெரிவதில்லைதான். ஆனால் அன்று மேலே இருந்த ஊருக்கு நானும் அப்படித்தான் தெரியாமல் கிடந்தேன். கண்ணுக்குத் தெரியாததை அடிபடாமல் இறக்கிவிட வந்த ஒருவரால்தான் இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.