சுப்பன் கேட்காத பாட்டு

நாகம்மாளுக்குப் பாட்டு ஆகாமல் போனது இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஐப்பசியில். அதற்கு முன்னால் அவள் வீட்டில் பாட்டு இல்லாத நாளே கிடையாது. கணவன் சுப்பன் அப்படிப்பட்ட பாட்டுக்காரன். பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்துக்குத் தெற்கே அவர்கள் குடியிருந்த பக்கம் யார் வீட்டில் காது குத்தினாலும், அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும், மைக் கடைசியில் அவன் கைக்குத்தான் வந்து சேரும். நாற்பது வருஷத்துச் சினிமாப் பாட்டு அவனுக்கு மனப்பாடம். ஆண் பாடுவதையும் அவனே பாடுவான், பெண் பாடுவதையும் அவனே பாடுவான். நடுவில் வரும் வயலினைக்கூட வாயாலேயே இழுத்துவிடுவான்.

ஏரியில் இறங்கினாலும் வாய் ஓயாது. நாகம்மாள் கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பவள். பிடித்ததைப் போட்டுவைக்கும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாலைந்து மணி நேரம் ஒரு வார்த்தை பேச முடியாது. கொஞ்சம் தள்ளி நின்று வீச்சுவலை போடும் சுப்பன் இருவருக்குமாகப் பாடிக்கொண்டிருப்பான்.

அன்று மதியம் இரண்டு மணி இருக்கும். வடக்கே வானம் கறுத்துவந்தது. இன்னும் ஒரே ஒரு வீச்சு, அப்புறம் கரையேறிவிடலாம் என்று அவன் குரல் கொடுத்தான். சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தான். மின்னலும் இடியும் ஒன்றாக விழுந்தன. நாகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காது அடைத்துப்போயிற்று. அடைப்பு மெல்ல விலகியதும் பாட்டின் அடுத்த அடி வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவன் நின்ற இடத்தில் யாரும் இல்லை.

காரியம் முடிந்து பதினைந்தாம் நாள் அவள் மறுபடியும் ஏரியில் இறங்கினாள். வேறு வழி இல்லை. தண்ணீரோ சேறோ வானமோ அவளை ஒன்றும் செய்யவில்லை. பாட்டுதான் செய்தது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் அது சுப்பன் பாடியதாக இருந்தது. பழைய பாட்டு என்றால் அவன் கல்யாணமான புதிதில் பாடியது. கொஞ்சம் புதிது என்றால் நந்தினி பிறந்த வருஷம் அவன் பாடியது. டீக்கடையைத் தாண்டும்போது காதைப் பொத்திக்கொள்வாள். கல்யாண வீட்டுக்குப் போனால் ஸ்பீக்கர் கட்டுவதற்குள் மொய் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பொன்னேரி பஸ்ஸில் டிரைவர் பாட்டைப் போட்டால் எந்த ஸ்டாப் வருகிறதோ அதில் இறங்கிக்கொள்வாள்.

இரண்டரை வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்காக மகளோடு பொன்னேரிக்குப் புறப்பட்டாள். முதல் பஸ்ஸில் ஏறி மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கினார்கள். அடுத்த பஸ் திருப்பாலைவனம் வருவதற்குள் மறுபடியும் இறக்கம். நந்தினி காலேஜ் கடைசி வருஷம். அம்மாவைத் திட்டவும் மனம் வரவில்லை, வெயிலில் நிற்கவும் முடியவில்லை. கடைசியில் தன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி அம்மாவின் காதில் வைத்தாள். நாகம்மாள் பிடுங்கப் போனாள். நந்தினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இது போன மாசம் வந்த பாட்டும்மா. நைனாவுக்குத் தெரியாது.”

நாகம்மாள் கையை இறக்கினாள்.

அது சினிமாப் பாட்டு இல்லை. சென்னையில் நாலு பையன்கள் சேர்ந்து தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப்போட்டுப் பாடியது. ‘ஈரச்சாக்கு’ என்று அந்த பேண்டுக்குப் பெயர். பாட்டின் பெயர் ‘ஆணி’. வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறவன் சுவரில் விட்டுவந்த ஓர் ஆணியைப் பற்றிப் பாடுகிறான். காலண்டரைக் கழற்றியாகிவிட்டது, சாமி படத்தைக் கழற்றியாகிவிட்டது, ஆணியைப் பிடுங்கினால் சுவர் பெயர்ந்துவிடும் என்று விட்டுவிட்டானாம். இதையெல்லாமா பாடுவார்கள் என்று நாகம்மாளுக்குத் தோன்றியது. பாடியவனுக்குக் குரலும் அப்படி ஒன்றும் இல்லை. கிதார் ஒரே சத்தம். ஆனாலும் பஸ் வரும்வரை மூன்று தடவை போடச் சொன்னாள். அந்தப் பாட்டில் எங்கே தேடினாலும் சுப்பன் இல்லை. அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நந்தினி தன் பழைய போனை அவளுக்குக் கொடுத்தாள். நாகம்மாளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, எண் தெரியும். மைக் படத்தை அமுக்கிப் பேசினால் போதும் என்று நந்தினி காட்டிக்கொடுத்தாள். பாட்டுக்குக் கீழே இருக்கும் எண், அதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்பது என்றும் சொன்னாள். அன்றிலிருந்து நாகம்மாள் எண் குறைவாக உள்ள பாட்டாகப் பார்த்துக் கேட்டாள். லட்சம் பேர் கேட்டது என்றால் ஊருக்குள் அது எப்படியும் ஒலித்திருக்கும், அதில் ஏதோ ஒரு ஞாபகம் ஒட்டியிருக்கும் என்று பயம். முந்நூறு, நானூறு பேர் கேட்டதில் அந்தப் பயம் இல்லை.

போனை இரண்டு பாலிதீன் கவருக்குள் போட்டு முடிந்து தலைத்துணிக்குள் செருகிக்கொண்டு ஏரியில் இறங்குவாள். ஒரு காதில் பாட்டு. இன்னொரு காது வானத்துக்கு. கூட இறங்கும் பெண்கள் முதலில் பைத்தியம் என்றார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

ஞாபகம் ஒட்டாத பாட்டு என்று தேடப்போனவளுக்கு எப்போது பாட்டே பிடிக்க ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் தனியாகப் பாடிப் போட்ட பாட்டில் ஃபேன் ஓடும் சத்தம் கேட்கும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. கோயம்புத்தூர்ப் பையன்கள் ரொம்பக் கத்துகிறார்கள் என்று பட்டது. ஒரு மாதம் கழித்துக் கேட்டால், அந்த இடத்தில் கத்தத்தான் வேண்டும் என்று தோன்றியது. புரியாத பாட்டை விட்டுவிடாமல் நாலைந்து நாள் கேட்டுப் பார்ப்பாள். அதற்கப்புறமும் ஒட்டவில்லை என்றால் குற்றம் சொல்லாமல் அடுத்ததற்குப் போவாள். ‘ஈரச்சாக்கு’ மட்டும் வாரம் ஒரு தடவையாவது வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில், ஏரிக்குப் போகாத நாளில், அவர்களுக்குச் செய்தி அனுப்ப முடியுமா என்று நந்தினியைக் கேட்டாள். முடியும், பேசியே அனுப்பலாம் என்றாள் நந்தினி. நாகம்மாள் போனை வாய்க்கு அருகே பிடித்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தாள்.

“தம்பி, நான் பழவேற்காட்டுப் பக்கத்துலருந்து பேசறேன். உங்க பாட்டுல மேளம் அடிக்கிற புள்ள ஒரு மூச்சு லேட்டா அடிக்குது. வேணும்னே அடிக்குதா, தெரியாம அடிக்குதான்னு தெரியல. எனக்குப் புடிச்சிருக்கு. மாத்த வேணாம்னு சொல்லுங்க.”

மறுநாளே பதில் வந்தது. பேசியவன் அந்த டிரம்ஸ் அடிப்பவன், ஞானதாஸ். இருபத்தாறு வயது. அந்தத் தாமதத்துக்காக பேண்டுக்குள் இரண்டு வருஷமாகச் சண்டை என்றும், வெளியிலிருந்து அதைக் கவனித்துச் சொன்ன முதல் ஆள் அவள்தான் என்றும் சொன்னான். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னையில் ஒரு காபிக் கடை மொட்டை மாடியில் வாசிக்கிறார்களாம், அவசியம் வர வேண்டும் என்று கூப்பிட்டான்.

நாகம்மாள் போனாள். நந்தினியும் கூட வந்தாள். மாடியில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். எல்லாரும் இளவயதுக்காரர்கள், நின்றுகொண்டிருந்தார்கள். இவளுக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. யாரும் அவளை வேடிக்கை பார்க்கவில்லை. போனுக்குள் சின்னதாக இருந்த சத்தம் இப்போது நாற்காலியின் கால் வழியாக முதுகில் ஏறியது. ஒவ்வொரு பாட்டும் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. அடுத்து எது வரும் என்று அவள் உதடு முந்திக்கொண்டது.

ஏழாவதாக ‘ஆணி’. தொடங்குவதற்கு முன் பாடகன் மைக்கில் இதுதான் தங்கள் கடைசி நிகழ்ச்சி என்றான். ஒருவனுக்குப் பெங்களூரில் வேலை, ஒருவனுக்குக் கல்யாணம், இதற்கு மேல் சேர்ந்து வாசிக்க முடியாது என்றான். சண்டை எதுவும் இல்லை என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. இரண்டாவது அடி முடிகிற இடத்தில் டிரம்ஸ் வழக்கமாகக் கொஞ்சம் தயங்கி விழும். அன்று இன்னும் தாமதமாக விழுந்தது. ‘பார்த்தியா’ என்று சொல்வதற்காக நாகம்மாள் இடது பக்கம் திரும்பினாள். திரும்பிய பிறகுதான் யாரிடம் சொல்லப்போனோம் என்பது அவளுக்கு உறைத்தது. நந்தினி நின்றது வலது பக்கம்.

சுப்பன் செத்த அன்று அவள் அழவில்லை. அதிர்ச்சி என்றார்கள். அதற்கப்புறமும் யாரும் பார்க்கும்படி அழுததில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அழுதாள். நந்தினி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லாம் முடிந்து வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஞானதாஸ் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நெற்றியெல்லாம் வேர்வை.

“அழ வெச்சிட்டோமாக்கா?”

“என் ஊட்டுக்காரரு நல்லா பாடுவாரு தம்பி. போய்ட்டாரு. அவரு கேக்காத பாட்டா வேணும்னுதான் உங்கள்த கேக்க ஆரம்பிச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “இன்னிக்கி அவரு இதக் கேக்கலையேன்னு கீது.”

அவன் டிரம்ஸ் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். பிறகு தன் அப்பா இதுவரை ஒரு நிகழ்ச்சிக்குக்கூட வந்ததில்லை என்றான். கூப்பிட்டாயா என்று நாகம்மாள் கேட்டாள். கூப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டான். ஆறரை மணிக்கு அம்மாவும் மகளும் ரயிலுக்குக் கிளம்பினார்கள்.

‘ஈரச்சாக்கு’ அத்தோடு கலைந்துபோனது. எழுதி வைத்திருந்த நாலைந்து பாட்டுகளைப் பதிவு செய்யாமலே விட்டுவிட்டார்கள். அந்த வருஷம் முழுக்க நாகம்மாள் புதிதாக எதையும் தேடவில்லை. இருந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டாள். நந்தினிக்குக் காட்டுப்பள்ளியில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் வேலை கிடைத்தது. பஸ்ஸில் பாட்டு போட்டால் நாகம்மாள் இப்போது இறங்குவதில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சில பாட்டுகளை இன்னும் தாங்க முடியவில்லை. அதை அவள் மறைப்பதும் இல்லை.

ஞானதாஸ் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். மாதம் ஒன்றிரண்டு தடவை, எங்கேயாவது புதிதாக முளைத்த பேண்டின் பாட்டை அவளுக்கு அனுப்புவான். அவள் நாலு நாள் கேட்டுவிட்டுப் பதில் பேசுவாள். சில பதில்களை அனுமதி கேட்டுக்கொண்டு அந்தந்த பேண்டுக்கே அவன் அனுப்பிவைப்பதும் உண்டு. போன ஆவணியில் வேலூர்ப் பெண்கள் மூன்று பேர் சென்னைக்கு வந்து வாசித்தார்கள். அவர்கள் பாட்டை நாகம்மாள் இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நந்தினிக்கு லீவு இல்லை. ஞானதாஸும் ஊரில் இல்லை. இறால் பாடு முடித்து, குளித்து, பச்சைப் புடவை உடுத்திக்கொண்டு அவள் பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தாள். பொன்னேரியில் இறங்கி, யாரிடமும் வழி கேட்காமல் ரயில் ஏறினாள். நேரத்தோடு போய்ச் சேர்ந்ததால் முன்வரிசையில் இடம் கிடைத்தது.