நான் கசக்கிய பாட்டில்

உலகப் போரில் காணாமல்போன நீர்மூழ்கிக் கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்த வீடியோவைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்னூரில் போர்வெல்லுக்குள் இறக்கும் நீர்மூழ்கி மோட்டார் செய்கிறவனாயிற்றே! பக்கத்து வீட்டுச் சரசக்காவைக் கூப்பிட்டுப் போனில் காட்டினேன். ஆழத்தில் இரும்பு எப்படி நசுங்கும் என்று காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கசக்கியே விளக்கினேன்.

"உள்ள இருந்தவங்க என்னானாங்க தம்பி?"

"ஒருத்தரும் தப்பிக்கலீங்க அக்கா!" என்றேன், உற்சாகம் குறையாமல்.

அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தார். "எம் பையனும் இந்த மாதிரிக் கப்பல்லதானுங்க தம்பி போயிருக்கான். கடலுக்குள்ள போய்ட்டா போன் வராதுங்க."

மகன் கடற்படையில் இருப்பது தெரியும். என்ன கப்பல் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. கசங்கிய பாட்டிலை எங்கே மறைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

இப்போதெல்லாம் அவர் வீட்டில் போன் அடித்தால், "சொல்லு கண்ணு" என்று அக்காவின் குரல் கேட்கும்வரை எனக்கு வேலை ஓடுவதில்லை.