கடைக்காரர் விற்க மறுத்த நாற்காலி

சில வருடங்களுக்கு முன், மார்கழித் தொடக்கத்தில், அரூரில் நடந்தது இது. ஆடிட்டர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த என்னை, ஒரு பர்னிச்சர் கடைக்குச் சொத்துப் பட்டியல் எடுக்க அனுப்பினார்கள். தை பிறந்தால் கல்யாணங்கள் வரிசை கட்டும். கட்டிலும் பீரோவும் வாங்கிப் போட அந்தக் கடைக்காரருக்கு வங்கிக் கடன் வேண்டும். மதியம் வங்கி அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பார். பட்டியல் தப்பாக இருந்தால் கடன் கிடையாது.

விற்பதற்கு வைத்திருப்பது நடப்புச் சொத்து, கடையை நடத்த வைத்திருப்பது நிலைச் சொத்து. பிளஸ் ஒன்னிலேயே மனப்பாடம் செய்ததுதானே என்று எனக்குத் தலைக்கனம். கடையின் சொந்த உபயோகத்தில் இருந்த மேசை, பீரோ, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலிகள் எல்லாவற்றிலும் நிலைச் சொத்து என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் மேசையைக் காணோம். அதன் மேலிருந்த கம்ப்யூட்டர் தரையில் கிடந்தது.

"கம்பைநல்லூர்ப் பார்ட்டிம்மா. பொண்ணுக்குச் சீரு. இதே கலர்தான் வேணும்னு நின்னுட்டாங்க" என்றார் கடைக்காரர் சாவகாசமாக.

"அதுல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேனுங்களே?"

"ஆமாம்மா, ஆஃபரான்னு கேட்டாங்க. நூறு ரூவா கொறைச்சுக் குடுத்தேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் வங்கி அதிகாரி வந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே வந்த ஒரு குடும்பம் அந்த நாற்காலியைத்தான் விலை கேட்டது. "சார், ஒரு நிமிசம் எந்திரிங்க, கால் ஆடுதான்னு பாத்துக்கட்டும்" என்றார் கடைக்காரர். அதிகாரி எழுந்தவர் எழுந்தவர்தான். நாற்காலி வேனில் ஏறிவிட்டது.

"இந்தக் கடையில விக்காத பொருள்னு ஏதாவது இருக்குதாங்க?" அதிகாரி கேட்ட குரலில், கடன் போச்சு என்றே நினைத்தேன்.

கடையில் பில் போடுவது கடைக்காரரின் மனைவி. அவர் அப்போதுதான் தண்ணீர் எடுக்க உள்ளே போயிருந்தார். அவருடைய பழைய மெத்தை நாற்காலியை அதே குடும்பத்து அம்மா ஒருவர் அமுக்கிப் பார்த்து, "இது எவ்வளவுங்க?" என்றார்.

"அது இல்லீங்க."

"புதுசு வெலையே தர்றோம்."

"எவ்வளவு குடுத்தாலும் இல்லீங்க. அவளுக்கு இடுப்பு வலி. வேற எதுல உக்காந்தாலும் தாங்காது."

அதிகாரி சிரித்துவிட்டார். "இதுக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலையேம்மா" என்றார் என்னிடம். காலையில் கடைக்காரரின் மனைவி அதில் உட்கார்ந்தே இருந்ததால் நான் விட்டுவிட்டது அது.

புதுப் பட்டியலை நின்றபடியே எழுதினோம். பீரோவும் மிச்ச நாற்காலிகளும் சரக்குப் பக்கம் போயின. நிலைச் சொத்தில் அந்த மெத்தை நாற்காலியும் கம்ப்யூட்டரும் மின்விசிறிகளும் மட்டும். தைக்கு முன்பே கடன் கிடைத்தது.

இப்போதெல்லாம் எந்தக் கடைக்குப் போனாலும், பொருளைப் பார்ப்பதற்கு முன் முதலாளியின் மனசைத்தான் விசாரிக்கிறேன். எனக்கு வரன் பார்த்தபோதுகூட, மாப்பிள்ளைக்கு என்னென்ன சொத்து இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க, நான் தெரிந்துகொள்ள விரும்பியது, எவ்வளவு கொடுத்தாலும் எதை அவர் விற்க மாட்டார் என்பதை மட்டும்தான்.