மாமா முட்டாமல் விட்ட வளைவு

மாமா தோற்றுவிட்டு வந்த அன்று எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர் ஜெயித்த வருடங்களில் பருப்பும் ரொட்டியும்தான்.

மாமா அம்மாவின் தம்பி. தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பிறகு உக்குவளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜில் சேர்ந்தவர். யாரோ கைவிட்ட பழைய கார் ஒன்றை நானா வாங்கி, கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டிங் வைத்து மூடி மாமாவிடம் கொடுத்தார். வருடப்பிறப்புக்கு நாவுலப் பக்கம், அறுவடை முடிந்த வயலில் இப்படிப்பட்ட கார்களைச் சுற்றிச் சுற்றி ஓட விடுவார்கள். முட்டலாம், இடிக்கலாம், அதுதான் ஆட்டமே. மாமாவின் கெட்டித்தனம் கடைசி வளைவில் தெரியும். முன்னால் போகிறவன் திரும்பும் நேரம் பார்த்து, அவன் காரின் பின்மூலையில் லேசாக ஒரு முட்டு. அது பம்பரமாகச் சுற்றி வரப்பில் ஏறி நிற்கும். மாமா போய்க்கொண்டே இருப்பார். சிங்களப் பையன்கள்கூட அவரைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தவருக்கே கோப்பை சொந்தம் என்பது அங்கே வழக்கம். இரண்டு வருடமாக அது தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக் காம்பராவில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா அதைப் புளி போட்டுத் துலக்கிக் குங்குமமும் வைத்திருந்தாள். அந்த நாட்களில் பள்ளிக்கூடத்தில் என் காலே தரையில் படவில்லை.

மூன்றாவது வருடத்துக்கு முன்னால்தான் தமிழர் வீடுகளை எரித்த கலவரம் வந்து போயிருந்தது. எரிந்த லயக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருந்தோம். பொழுது சாய்ந்தால் பெரியவர்கள் பொலிஸ் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

அந்த முறை புதிதாக ஒருவன் காரோடு வந்தான். லீவில் வந்த ஆமிக்காரன். அவனுடைய அண்ணன் எங்கள் பக்கத்துப் பொலிஸில் சார்ஜன், யூனிபோர்மோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் நானாவின் லொறிமேல் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன்.

கடைசிச் சுற்றில் ஆமிக்காரன் முன்னால், மாமா பின்னால். வளைவு வந்தது. முட்டு, முட்டு என்று வயல் முழுக்கச் சிங்களத்தில் சத்தம். மாமாவின் கார் அவன் பின்மூலையை நெருங்கியது. ஒரு சாண்தான் இடைவெளி. முட்டவில்லை! அப்படியே பின்னால் தங்கிவிட்டது. ஆட்டத்துக்காகத் திருப்பிக் கொண்டுபோயிருந்த, அம்மா துலக்கி வைத்த கோப்பையை எவனோ தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"ஏன் தம்பி முட்டல்ல?" என்றார் நானா.

"காலு பிந்திருச்சு நானா."

பச்சைப் பொய். மாமாவின் கால் பிந்துகிற காலா? நானா அவரைப் பார்த்தார், முன்வரிசையைப் பார்த்தார். பிறகு காரை லொறியோடு கட்டப் போய்விட்டார். அவருக்காவது கோபம் வர வேண்டாமா?

வீட்டில் அதைவிட அநியாயம். விஷயத்தைக் கேட்டதும் அம்மா முட்டையிடுகிற கோழியைப் பிடித்தாள். எங்கள் வீட்டில் கோழிக் கால் எப்போதும் எனக்குத்தான். அன்று இரண்டும் மாமாவின் தட்டில்.

"சாப்பிடு தம்பி, நல்லா சாப்பிடு."

"தோத்துட்டு வந்தவருக்கு ரெண்டு காலுமா?" என்று கத்தினேன்.

"வாய மூடிக்கிட்டு தின்னு புள்ள."

மாமா ஒரு காலை என் தட்டுக்கு நகர்த்தினார். நான் அதைத் திருப்பி நகர்த்திவிட்டேன்.

அதன் பிறகும் அவர் சில வருடங்கள் ஓட்டினார். யார் முன்னால் போனாலும் மாமா இரண்டாவது. முட்டுவதற்கென்றே உள்ள ஆட்டத்தில் முட்டாமல் ஓட்டினார். இது என்ன நியாயம்? எவனும் எங்கள் லயத்தைக் கொளுத்திவிட்டுப் போகலாம், எங்கள் மாமா விளையாட்டுக்குக்கூட ஒருவனை இடிக்கக் கூடாது. ஆனால் அந்த வயதில் என் கோபமெல்லாம் மாமாமேல்தான்.

கோழி அடித்த அன்று ராத்திரி அவரோடு பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். ஜீப் எதுவும் வரவில்லை. யார் வீட்டு ஆணையும் யாரும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகவில்லை. லயம் முழுவதும் விடியும்வரை தூங்கியது. மாமா அன்று ஜெயித்துக்கொண்டு வந்தது அதைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.