சாராள் தின்ற ஒரு வாய்ப் பொங்கல்

வெள்ளிக்கிழமை காலையில் நம் மிஷன் பள்ளி போர்டிங்கில் நாம் கூழுக்கு வரிசையில் நின்றிருந்தபோதுதான் செய்தி வந்தது. மேட்ரனம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "சாராள் காச்சல்ல போயிட்டாளாம். அவுக ஊர் வழக்கப்படி புதைச்சிட்டாகளாம். அவளப் பத்திப் பேசிக்கிட்டுத் திரியக் கூடாது" என்றார்கள். பிறகு அகப்பையை எடுத்துக்கொண்டார்கள். வரிசை நகர்ந்தது. என் பின்னால் நின்ற ரூத்து, "சாமிக்குப் படைச்சதத் தின்னா இப்பிடித்தேன்" என்று முணுமுணுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்களின் பேர்களைப் போதகர் ஐயா வாசித்தார். சாராளின் பேர் வரவில்லை. திருவிருந்தில் சேராதபடி சபை நிறுத்திவைத்த பிள்ளை, மறுபடி சேர்க்கப்படாமலே செத்துப்போனாள். அப்படியானால் அவள் உள்ளே இருக்கிறாளா, வெளியே இருக்கிறாளா? நம் போர்டிங்கில் எல்லோருக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அதனால்தான், அவளோடு சாப்பிட்டுத் தூங்கின உங்களுக்கு இதை எழுதுகிறேன். யுத்தம் வந்ததிலிருந்து மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. ஜன்னல் வழியே விழுகிற நிலாவில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் அழகர்கோவில் மலையடிவாரத்துப் பிள்ளை. வீட்டில் அவள் பேர் பேச்சி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் கூலிவேலை செய்கிறவர்கள். மகள் ஞானஸ்நானம் கேட்டபோது அந்த அப்பா, "படிக்கிற புள்ளைக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுது" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாராம். என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவளுடையது. இப்போதும் பாதித் தூக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பினால் அவள் தலையில் வைத்திருந்த மரிக்கொழுந்து மணக்கிறது. கையை நீட்டினால் தரை சில்லென்று இருக்கிறது.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நாம் எல்லோரும் வேப்பமரத்தைச் சுற்றி நடந்து ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போமே, அதில் நாம் எப்படிக் கேட்போம் என்று உங்களுக்குத் தெரியும். சண்டையே போடாதவளாகப் பார்த்து, "தப்பு ஏதும் செஞ்சிருந்தா மன்னிச்சிரு" என்று ஓடிக்கொண்டே சொல்வோம். சண்டை போட்டவள் எதிரே வந்தால் மரத்தின் அந்தப் பக்கம் போய்விடுவோம். சாராள் நேராக ரூத்திடம் போய் நின்றாள்.

"ஏ புள்ள, எனக்கு ஒன்னயக் கண்டா இன்னமும் ஆகல. நீ சிரிச்சா எரிச்சலா வருது. அதுக்குத்தேன் மன்னிப்புக் கேக்குறேன்."

"இது என்னடி மன்னிப்பு? வையிறியா, கேக்குறியா?"

"இருக்கிறதச் சொல்லித்தான புள்ள கேக்க முடியும்? இல்லாததுக்குக் கேட்டா யாரு மன்னிப்பா?"

ரூத்து முறைத்தாள். "சரி போ. எனக்கும் ஒன்னயப் பிடிக்காது" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அந்த மரத்தடியில் மெய்யாகவே சமாதானமானவர்கள் அவர்கள் மட்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சித்திரை விடுமுறை முடிந்து நாம் திரும்பியபோது, வேதபாட வகுப்பில் போதகர் ஐயா வருஷந்தோறும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். ஊருக்குப் போன இடத்தில் விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொட்டவர்கள் உண்டா? அழகர் ஆற்றில் இறங்குகிற மாதத்தில், சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்வந்த நம்மில் எத்தனை பேர் வாயைத் திறக்காமல் இருந்தோம்! எல்லோரும் ஐயாவின் தலைக்கு மேலே ஓடுகிற பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாராள் எழுந்து நின்றாள்.

"நான் தின்னேன் ஐயா. கருப்பசாமிக்கு வச்ச பொங்கல். ஒரு வாய்."

"தெரியாமல் சாப்பிட்டாயா, தெரிந்தா?"

"தெரிஞ்சுதான் ஐயா. அம்மா ஊட்டிவிட்டுச்சு. நான் வந்திருக்கேன்னு அன்னைக்குத்தான் அது சிரிச்சுச்சு."

"அதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறாயா?"

"தின்னதுக்குப் படுறேன் ஐயா. அம்மா கையத் தட்டிவிடாததுக்கு மனஸ்தாபம் வரல. வராதத எப்பிடி வந்துச்சுன்னு சொல்லுவேன்?"

ஐயா கோபப்படவில்லை. அவர் முகம் வாடிப்போனது. முழுமனதோடு மனந்திரும்புகிறவரை அவள் திருவிருந்தில் சேரக்கூடாது, பின்பெஞ்சில் உட்கார வேண்டும் என்றார். அவள் "சரிங்க ஐயா" என்றாள். உட்காரும்போது என்னிடம், "அப்பாடா, நெஞ்சில கெடந்த கல்லு எறங்கிருச்சு" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பின்பெஞ்சைத்தான் நான் அடிக்கடி கனவில் காண்கிறேன். வண்ணக் கண்ணாடி வழியே வெயில் நீலமும் சிவப்புமாக அவள் மடியில் விழுந்துகிடக்கிறது. முன்னால் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கைமாறிப் போகின்றன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கனவில் நம் ஆலயம் நீண்டுகொண்டே போகிறது, வைகை மணல் மாதிரி முடிவில்லாமல். தூரத்தில் அவள் புள்ளியாகத் தெரிகிறாள். ஆனால் முகம் மட்டும் பக்கத்தில் இருக்கிறது. நிஜத்தில் ஒருநாள் அவளிடம் கேட்டேன்: "அங்க உக்காந்திருக்க ஒனக்கு வெக்கமா இல்லையா?"

"வெக்கந்தேன். அதவிடப் பசி பெருசா இருக்கு" என்றாள். "முன்னாடி உக்காந்திருந்தப்ப எனக்கு இம்புட்டுப் பசி இல்ல, புள்ள. ஏதோ எனக்குச் சேர வேண்டியதக் குடுக்குறாகன்னு வாங்கித் தின்னேன். இப்பத்தான் அது சும்மா குடுக்குற சாப்பாடுன்னு தெரியுது."

"ஐயா ஒன்னயக் கடைசிவரைக்கும் கூப்பிடாட்டி?"

"ஐயா மறந்தாலும் விருந்து வைக்கிற வீட்டுக்காரரு மறப்பாரா? வீட்டுல ஒரு புள்ள சாப்பிடலன்னா, அம்மா எல்லாத் தட்டையும் எண்ணிப் பாக்கும்ல."

ஆனி மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஊருக்கு அனுப்ப வண்டி வந்தபோது வைக்கோல் மேல் அவளைப் படுக்க வைத்தோம். கண்ணைத் திறந்து, "வாரேன்" என்றாள். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். வண்டி வேலியைத் தாண்டிப் போனதும் வெயிலில் அந்தப் பாதை நீர்போல அலையடித்தது. அவள் கரைந்துபோவது மாதிரி இருந்தது.

இன்று சாயங்காலம் அவளுடைய அப்பா அவள் பெட்டியை எடுத்துப்போக வந்தார். நீங்கள் எல்லோரும் தையல் வகுப்பில் இருந்தீர்கள். பெட்டியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி மேட்ரனம்மா என்னை அனுப்பினார்கள். அவர்களும் பின்னால் வந்தார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகும் அவர் போகவில்லை. துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"தாயி, பேச்சிகூடப் படிச்ச புள்ளையா நீ?"

"ஆமாங்கப்பா."

"ஒன்னு கேக்கணும். நாங்க எங்க வழக்கத்துலதான் புதைச்சோம். அவ அம்மா கையால ஊட்டுன பொங்கலாலதான் அவள ஒதுக்கி வச்சாகன்னு கேள்விப்பட்டோம். அந்தப் பொம்பள அந்தக் கையப் பாத்துப் பாத்து அழுகுறா. சோறு அள்ள மாட்டேங்குறா. ஒங்க சாமி எம்புள்ளயச் சேத்துக்கிருமா, தாயி?"

மேட்ரனம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். அவர்கள் மூச்சு எனக்குக் கேட்டது. தெரியாது என்று சொல்லலாம். ஐயாவைக் கேளுங்கள் என்று சொல்லலாம். இரண்டும் எனக்குப் பத்திரமான பதில்கள். ஆனால் ஊரில் ஒரு தாய் தன் கையைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள்.

"சேத்துக்கிருச்சுப்பா" என்றேன். "எங்களுக்கெல்லாம் முந்தி அவள உக்கார வச்சிருக்கும். அம்மாவ அழுக வேண்டாம்னு சொல்லுங்க. அந்தக் கைமேல எந்தக் குத்தமும் இல்ல."

அவர் என்னைக் கும்பிட்டார். வண்டி போனபிறகு மேட்ரனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "நாளைக்குப் போதகர் ஐயாகிட்ட வா. சொன்னத அவருகிட்டயும் சொல்லணும்" என்றார்கள். அது கண்டிப்பா, வேறு ஏதாவதா என்று அந்தக் குரலில் எனக்குத் தெரியவில்லை.

அதுதான் எனக்குப் பயம். என்னையும் நிறுத்திவைக்கலாம். என் அம்மா அப்பாவுக்குக் கடிதம் போகலாம். இந்தப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் போகவில்லை.

சாராள் எனக்கு விட்டுப்போனது தைரியம் இல்லை. அது அவளோடு போய்விட்டது. உள்ளே இருப்பதை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு போய் நிற்கலாம், அதற்கு மேல் நம் கையில் ஒன்றுமில்லை என்று அவள் நம்பினாளே, அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நாளை ஐயா முன்னால் நின்று, "எனக்குப் பயமாயிருக்கிறது ஐயா" என்று முதலில் சொல்வேன். "ஆனால் சொன்னதற்காக மனஸ்தாபம் வரவில்லை" என்று அடுத்துச் சொல்வேன்.